ஓர் இலை, ஆறு துறைகள்

அக்காவின் மகள் கண் கலங்கியபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. தாவரவியல் படிக்கத்தான் இடம் கிடைத்திருந்தது.

“புல்லையும் பூண்டையும் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள், சித்தி” என்றாள்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். பதில் சொல்லாமல் அவளைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். மாத்தளையில் எங்கள் வீட்டின் பின்னால் நாலைந்து கோப்பி மரங்கள் நிற்கின்றன. ஓர் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினேன். அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது.

“இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது இந்தத் தூள்தான்” என்றேன்.

1869இல் இந்நோய் இங்கு பரவத் தொடங்கியதும், பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்பவர், இது புதியதொரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். ஓர் உயிர் இன்னதென இனங்காண்பது பாகுபாட்டியல்.

பெயர் தெரிந்தால் போதுமா? 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கு வந்து, 1882 வரை ஆராய்ந்தார். பங்கசின் வித்திகள் ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியாக உட்புகுவதைக் காட்டினார். இது தாவர நோயியல். இலைவாய் எங்கே, உள்ளே இழையங்கள் எப்படி அமைந்துள்ளன என்று சொல்வது உடலமைப்பியல். இலை உதிர்ந்தால் ஒளித்தொகுப்புக் குறைந்து, காய் பிடிப்பதும் குறையும் என விளக்குவது உடற்றொழிலியல். மலை மலையாக ஒரே பயிரை நட்டால் நோய் தடையின்றிப் பரவும் என உணர்த்துவது சூழலியல். நோயைத் தாங்கும் இனங்களை உருவாக்க வழிகாட்டுவது பிறப்புரிமையியல். திமோர் தீவில் இரண்டு கோப்பி இனங்கள் இயற்கையாகக் கலந்து தோன்றிய மரம் அதற்குப் பெரிதும் உதவியது.

வார்ட் காரணத்தைச் சொன்னபோது இங்கு காலம் கடந்திருந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆட்கள் அதிகம் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் நிலையாகக் குடியேறினர். என் பூட்டியும் அப்படிக் கூடை சுமந்தவர்தான். ஒரு பங்கசு அவர்களது வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

அவள் இலையை நெடுநேரம் பார்த்தாள். “நம்முடைய மரத்துக்கு என்ன செய்வது, சித்தி?”

“படித்துவிட்டு வந்து நீயே சொல்லு” என்றேன்.

சகோதரிகளே, தாவரவியல் கிடைத்த பிள்ளையைப் பார்த்து அனுதாபப்படாதீர்கள். நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தப் படிப்புத் தேவை.