சிறுபொழுதும் மூளை அணுக்களும்

தொல்காப்பியர் நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாக வைத்து, நெய்தற்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வெயில் சாயும் வேளையில் நிற்பார்க்கு இவ்வகுப்பின் பொருத்தம் எளிதிற் புலனாகும். எனினும், பொழுது உணர்வுக்குப் பின்னணியாக மட்டும் அமைகின்றதா, உணரும் உள்ளத்தையே மாற்றுகின்றதா என்பது ஆராயத்தக்கது.

இரு கண் நரம்புகளும் மூளையின் அடியில் குறுக்கிடும் இடத்திற்கு மேலே நரம்பணுத் தொகுதி ஒன்று உண்டு. உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே. ஒளி அதனைத் திருத்துகிறது. ஆயின் ஒளியின்றியும் அது ஏறத்தாழ 24 மணி நேர வட்டத்தில் இயங்கும். அவ்வணுக்களின் மின்துடிப்பு பகலில் மிகும்; இரவில் குறையும். இத்தகைய கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகைவாழ் வௌவால்களின் நாளியக்கத்தை ஆராய்ந்தார்.

விழித்திருக்குங்கால் அடினோசின் என்னும் வேதிப்பொருள் மூளையில் பெருகித் துயிலை வருவிக்கும், துயிலுங்கால் குறையும். விழிப்பு நீளுந்தோறும் மூளைப் புறணியின் கிளர்ச்சித்திறன் உயரும். நாட்கடிகாரமும் அதனை ஏற்றியிறக்கும். துயிலிழப்பு வலிப்பு நோயுடையார்க்கு இடர் விளைப்பது ஈண்டு நோக்கத்தக்கது. இரவெல்லாம் கடலில் விழித்திருக்கும் பரதவர்க்கும் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

இவற்றால், பண்டையோர் மூளை வேதியலை அறிந்திருந்தனர் எனல் சாலாது. அது நூலுக்கும் அறிவியலுக்கும் பெருமை ஆகாது. நண்பகலில் காணும் உள்ளமும் மாலையில் காணும் உள்ளமும் ஒரு தன்மையன அல்ல என்பதை அவர்கள் வாழ்விற் கண்டு இலக்கணமாக்கினர் என்பதே அமைவுடைத்து.