சின்னஞ்சிறு ஆசான்கள்



மழலையர் பள்ளி ஆசிரியையைக் கண்டால், "என் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறோம். "என் பிள்ளையிடம் நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று நாம் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியை வாழ்நாள் முழுவதும் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டவர், இத்தாலி நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்க மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870-1952).

உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுபிள்ளைகள் கேட்பாரற்றுத் திரிந்தனர், சுவர்களைப் பாழாக்கினர். அவர்களுக்காக 1907 ஜனவரி 6 அன்று, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா நாளில், 'குழந்தைகள் இல்லம்' தொடங்கப்பட்டது. 3 முதல் 6 வயது வரையுள்ள ஏறத்தாழ 50 பிள்ளைகள் வந்தனர். ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொண்டார். மாண்டிசோரி அங்குச் சென்று பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்தார். அப்போது அவர் கற்ற பாடங்களில் மூன்றை மட்டும் இங்கே சிந்திப்போம்.

முதலாவது, ஈடுபாடு. ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார் மாண்டிசோரி; அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். 40 முறைக்கும் மேல் செய்தபின் தானாகவே நிறுத்திப் புன்னகைத்தாள். "குழந்தைகளின் மனம் ஓரிடத்தில் நிற்காது" என்ற பெரியவர்களின் எண்ணம் அங்கே பொய்யானது.

இரண்டாவது, அமைதி. ஒருநாள் அவர் நான்கு மாதக் கைக்குழந்தையை வகுப்புக்குள் எடுத்து வந்து, இவளைப்போல் அமைதியாயிருக்க உங்களால் முடியாது என்று வேடிக்கையாகச் சொன்னார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ மூச்சைக்கூட மெதுவாக விட்டு அசையாதிருந்தனர். கடிகாரத்தின் ஓசை கேட்கத் தொடங்கியது. அதட்டலால் வராத அமைதி அது. அன்றுமுதல் 'மௌன விளையாட்டு' அவரது கல்விமுறையில் இடம்பெற்றது.

மூன்றாவது, மாண்பு. இதுவே நம் உள்ளத்தை அதிகம் தொட வேண்டியது. மூக்கைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒருநாள் சற்று நகைச்சுவையாகக் கற்பித்தார். பிறர் கவனத்தை ஈர்க்காமல் கைக்குட்டையைப் பயன்படுத்தும் விதத்தையும் செய்துகாட்டினார். யாரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அனைவரும் கைதட்டினர்! ஏன்? மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று எவரும் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. சின்னக் குழந்தைக்கும் மானம் உண்டு, அவமானம் அதற்கும் வலிக்கும் என்பதை அந்தக் கைதட்டலில் மாண்டிசோரி புரிந்துகொண்டார்.

இவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரினால் 1946வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். பேசுவதைக் குறைத்து, குழந்தையைக் கவனிக்கப் பழகுவதே ஆசிரியருக்குரிய முதல் பாடம் என்பது அவரது போதனையின் சாரம்.

மறைக்கல்வி வகுப்பில் செபம் மறந்துபோன பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்துகிறோம். உறவினர் முன்பாக, "இவன் இன்னும் படுக்கையை நனைக்கிறான்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். பங்குத்தந்தையராகிய நாங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. திருப்பலியில் குழந்தை அழுதபோது மறையுரையை நிறுத்தி, தாயை முறைத்துப் பார்த்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு அந்தத் தாய் கோவிலுக்குள் வராமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றதையும் பார்த்திருக்கிறோம். அன்று பாடம் கற்க வேண்டியிருந்தது அக்குழந்தையல்ல, நாங்களே.

விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் இயேசு ஒரு சிறுபிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் (மத் 18:1-4). அப்பிள்ளைக்கு அவர் எதையும் போதிக்கவில்லை. வளர்ந்தவர்களான சீடர்களைத்தான், அதைப் பார்த்து மாறச் சொன்னார்.

இந்த வாரம் நம் வீட்டிலோ, பள்ளியிலோ, மறைக்கல்வி வகுப்பிலோ ஒரு குழந்தையின் அருகில் பத்து நிமிடம் அமர்வோம். திருத்தாமல், குறுக்கிடாமல் அது செய்வதைக் கவனிப்போம். நாம் எப்போதாவது அதன் மனம் நோக வைத்திருந்தால், அதனிடமே மன்னிப்புக் கேட்போம். சிறியோரை அன்போடு அரவணைத்த ஆண்டவர், அவர்களிடம் கற்கும் தாழ்ச்சியை நமக்குத் தருவாராக.