கணினிக்குள் ஒரு மூளை: அதற்கு உணர்வு உண்டா?

மூளையின் ஒவ்வொரு நரம்புச் செல்லையும் அப்படியே கணினிக்குள் கணக்காக எழுதிவிட்டால், அதற்குத் தன்னுணர்வு வந்துவிடுமா? மறைக்கல்வி வகுப்பில் இளையோர் நம்மிடம் கேட்கும் இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 2005-இல் தொடங்கிய 'புளூ பிரெய்ன்' திட்டத்தினர், எலி மூளையின் மேற்பரப்பில் ஒரு சிறு துண்டை, ஏறத்தாழ 31,000 செல்களுடன், கணினியில் இயக்கி 2015-இல் வெளியிட்டார்கள். பத்தாண்டுகளில் மனித மூளையே சாத்தியம் என்று அதன் தலைவர் ஹென்றி மார்க்ரம் 2009-இல் கூறியிருந்தார். அது நடக்கவில்லை, 2024-இல் திட்டமும் முடிந்தது. நம் மூளையில் இருப்பவையோ ஏறத்தாழ 8,600 கோடி செல்கள்! ஆனால் 'இன்னும் முடியவில்லை' என்பது பதிலாகாது. ஒருநாள் முடியலாம். அப்போது?

கணினியில் புயலை இயக்கிப் பார்ப்பதால் எவரும் நனைந்துவிடுவதில்லை என்று 1980-இல் எழுதினார் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சர்ல். சரிதான். ஆனால் மறுதரப்பாரும் ஒன்று சொல்கிறார்கள்: கணினி போடும் கூட்டல் பொய்க்கூட்டல் அன்று, உண்மையான கூட்டலே. அப்படியானால் உணர்வு மழையைப் போன்றதா, கூட்டலைப் போன்றதா? முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மழையைப் போன்றது என்பதே நம் எண்ணம். பசிப்பது மூளைக்கு அல்ல, ஆளுக்கு. படகில் படகோட்டி இருப்பதுபோல் ஆன்மா உடலுக்குள் அமர்ந்திருக்கவில்லை என்பார் புனித தோமா அக்குவினாஸ். ஆன்மாவே உடலை உயிருள்ள உடலாக்குகிறது. 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'ஆன்திக்குவா எத் நோவா' என்ற ஏடும், மனித அறிவு உடலோடு இணைந்தது என்றே வலியுறுத்துகிறது. இது விசுவாசமும் மெய்யியலும் தரும் பார்வை. ஆய்வகத்தில் நிரூபித்த முடிவன்று.

பிறருடைய உணர்வை வெளியிலிருந்து அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. கார் விபத்துக்குப்பின் எவருக்கும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் நினைக்கும்படி ஏட்ரியன் ஓவன் குழுவினர் சொன்னார்கள். ஸ்கேனில் அவருடைய மூளை நலமானவர்களின் மூளையைப் போலவே இயங்கியது. 2006-இல் வெளிவந்த ஆய்வு இது. பேசும் இயந்திரத்துக்கு உணர்வு உண்டென எளிதில் நம்புகிறவர்கள், பேசாத மனிதருக்கு அது இல்லையென்றும் எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நோயில்பூசுதல் கொடுக்க நாம் செல்லும் வீடுகளில், "அம்மாவுக்கு இப்ப ஒண்ணுமே தெரியாது சாமி" என்று கட்டிலருகில் நின்றே சொல்வார்கள். வெளியே போய்ப் பேசலாம் என்போம்.