பழைய டிராக்டரில் டிப்பர் லைன் எடுக்கும் முன்

நம் உறுப்பினர்களில் பலருக்குக் கடை வேலம்பாளையத்தில்; பூர்வீகத் தோட்டமோ காடோ அவிநாசிப் பக்கம், பெருமாநல்லூர்ப் பக்கம். அப்பா காலத்தில் வாங்கிய மாசி பெர்குசன் டிராக்டர் ஒன்று சாளையில் நிற்கும். உழவுக்கு வாடகை வண்டி வந்துவிடுகிறது. நிற்கிற வண்டிக்குப் பின்னால் ஒரு டிப்பர் டிரெய்லரைப் பூட்டினால் எரு, தேங்காய் மட்டை, விறகு, செம்மண் அடிக்கலாமே என்ற எண்ணம் வருவது இயற்கை. பட்டறையில் கேட்டால், “சீட்டுக்கு அடியில் ஒரு லைன் எடுத்தால் போதும், ஒரு மணி நேர வேலை” என்பார்கள்.

லைன் எடுப்பது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் எந்த எண்ணெயில் கை வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் வண்டி பிழைக்கும். தெரியாமல் செய்தால் பம்பும் கியர் பெட்டியும் சேர்ந்து செலவு வைக்கும். இதை விளக்கமாகச் சொல்லும்படி உறுப்பினர்கள் சிலர் கேட்டதால் இம்மாதம் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் எளிய கணக்கு. டிப்பரைத் தூக்கும் ஜாக்கி ஒரு உருளை. உள்ளே எண்ணெய் போனால் தண்டு வெளியே வரும். உருளையின் உள் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் தள்ளும் பலம் 11 டன்னுக்கு மேல். (ஜாக்கி படுத்த நிலையில் தொடங்குவதால் இதில் ஒரு பகுதிதான் பாரத்தைத் தூக்கும் பலமாக மாறும். முதல் ஒரு சாணுக்கு வண்டி முனகுவது அதனால்தான்.) தண்டு ஒரு மீட்டர் நீள வேண்டுமானால் உள்ளே போக வேண்டிய எண்ணெய் ஏறத்தாழ 8 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால் பெட்டி முழுதாக எழ 40 விநாடி ஆகும். பழைய வண்டியில் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த 8 லிட்டர் எங்கிருந்து வருகிறது? விஷயமே இதில்தான் இருக்கிறது. லாரி டிப்பரில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. பழைய மாசி வகை டிராக்டரில் அப்படி இல்லை. பம்ப் கியர் பெட்டியின் வயிற்றுக்குள், எண்ணெயில் மூழ்கியபடி உட்கார்ந்திருக்கிறது. கியர் பற்களும் பின் அச்சும் குளிக்கிற எண்ணெயைத்தான் அது உறிஞ்சிக் கலப்பையைத் தூக்குகிறது. நாம் வெளியே ஒரு ஹோஸைப் பூட்டினால், டிரெய்லரின் ஜாக்கியும் கியர் பெட்டியும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கின்றன என்று பொருள்.

இந்த அமைப்பு எப்படி வந்தது என்பதில் வியாபாரிகளுக்கென்றே ஒரு கதை உண்டு. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன், கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து ஹைட்ராலிக் பலத்தால் தூக்கும் முறையை 1920களிலும் 1930களிலும் உருவாக்கினார். 1938-ல் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்து, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கை குலுக்கி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். 1939-ல் ஃபோர்டு கம்பெனியிலிருந்து அந்த டிராக்டர் வெளிவந்தது. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்தபின் ஏற்பாடு முறிந்தது. ஆனால் அந்த ஹைட்ராலிக் முறை ஃபோர்டு வண்டிகளில் தொடர்ந்தது. பெர்குசன் 1948-ல் வழக்குப் போட்டார். 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. உறிஞ்சும் பக்கத்தில் வால்வு வைத்த அந்தப் பம்பை இனிப் போடுவதில்லை என்றும் ஃபோர்டு ஒப்புக்கொண்டது. வாய்ச் சொல்லில் பெரிய கொடுக்கல் வாங்கல் வைப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

வழக்குக்குக் காரணமான அந்த வால்வுதான் இன்று நமக்கும் பிரச்சினை. மற்ற பம்புகள் ஓயாமல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேண்டாதபோது எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும். பெர்குசன் பம்போ தேவை இல்லாதபோது உறிஞ்சுவதையே நிறுத்திவிடும். தேவையா இல்லையா என்பதைத் தூக்குக் கைகளின் நிலை சொல்கிறது. கைகள் லீவர் சொன்ன உயரத்துக்கு வந்துவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும்.

பெர்குசனின் டி.இ.20 வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் செய்யப்பட்டது. அதன்பின் வந்தது 35 வகை. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனி மாசி பெர்குசன் கூட்டுறவோடு செய்த வண்டிகள் இந்த வம்சம்தான். நம் பக்கத்துக் காடுகளில் ஓடிய 1035 அந்த 35-ன் வழி வந்தது. (மாசி பெர்குசன் பெயர் யாருக்கு என்று டாஃபேக்கும் அமெரிக்க ஆக்கோ கம்பெனிக்கும் நடந்த தகராறு 2025-ல் தீர்ந்து, இந்தியாவில் அந்தப் பெயர் டாஃபேக்கே என்றாகிவிட்டது.)

இனி லைன் எடுக்கும் வேலைக்கு வருவோம். சீட்டுக்குக் கீழே, லிஃப்ட் மூடியின் மேல் பம்ப் எண்ணெய் வரும் வழியில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி ஹோஸைப் பூட்டுவதுதான் சில இடங்களில் செய்யும் “ஒரு மணி நேர வேலை”. இதில் என்ன நடக்கும்? எண்ணெய் எளிதான வழியைத்தான் தேடும். காலியான தூக்குக் கைகள் லேசு; டிரெய்லர் கனம். எனவே கைகள் முதலில் எழுந்து உச்சிக்குப் போகும். உச்சிக்குப் போனதும் வால்வு மூடும். டிரெய்லர் அசையாது. உடனே பட்டறையில் கைகளைச் சங்கிலி போட்டுக் கீழே கட்டிவிடுவார்கள். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் லிஃப்ட் மூடியும் கைகளும் சங்கிலியும் முழு அழுத்தத்தையும் தாங்கும். சங்கிலி அறுந்தால் கைகள் எந்த வேகத்தில் எழும் என்று சொல்லத் தேவையில்லை.

சரியான முறை, அந்த இடத்தில் திருப்பு வால்வு ஒன்றைப் போடுவது. ஒரு பக்கம் திருப்பினால் எண்ணெய் கலப்பைக்கு. மறுபக்கம் திருப்பினால் கலப்பையின் வழி அடைபட்டு டிரெய்லருக்கு. 35 வகையிலும் அதன்பின் வந்த 135 வகையிலும் லீவர் ஓடும் வில் தகட்டில் “கான்ஸ்டன்ட் பம்பிங்” என்று ஒரு இடம் குறித்திருக்கும். லீவரை அங்கே வைத்தால் கைகளின் நிலை எப்படி இருந்தாலும் பம்ப் தள்ளிக்கொண்டிருக்கும். டிரெய்லர் எழுந்து முடிந்ததும் லீவரை அங்கேயே விட்டுவிடக் கூடாது. போக வழியில்லாத எண்ணெய் ரிலீஃப் வால்வைப் பிய்த்துக்கொண்டு கத்தும், எண்ணெய் சூடேறும். டிரெய்லரைக் கழற்றிய பிறகு திருப்பு வால்வை மறந்தாலும் இதே கதைதான்.

கிளட்சையும் கவனிக்க வேண்டும். டி.இ.20 போன்ற மிகப் பழைய வண்டிகளில் பம்ப் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஓடுகிறது. பி.டி.ஓ. லீவரைப் போடாமல் ஜாக்கி எழாது. கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். “தூக்கும்போது பாதியில் நிற்கிறது, பம்ப் போய்விட்டது” என்று புதுப் பம்ப் வாங்கப் போகுமுன் டிரைவரின் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

இப்போது எண்ணெய். பெட்டி முழுதாக எழுந்து நிற்கும்போது கியர் பெட்டியின் எண்ணெய் 8 லிட்டர் வெளியே, ஜாக்கிக்குள் இருக்கிறது. ஏற்கெனவே அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். தூக்கு துள்ளித் துள்ளி எழும். அதற்காக எண்ணெயை வாய் வரை நிரப்பினால், பெட்டி இறங்கும்போது எல்லாம் திரும்பி வந்து பின் அச்சு சீல் வழியே பிரேக் லைனிங்கை நனைத்துவிடலாம். பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அது எண்ணெய்ச் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. அளவைப் பெட்டியை இறக்கிய நிலையில் பார்க்க வேண்டும். வெளி ஜாக்கிக்கு எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்து, அதற்குள் அடங்கும் ஜாக்கியைத்தான் வாங்க வேண்டும். டிரெய்லர் விற்பவரிடம் எத்தனை டன் என்று கேட்பதோடு, எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இன்னொரு ஆபத்து, இரவல். பங்காளியின் டிரெய்லரை இரண்டு நாளைக்குப் பூட்டுவோம். அவர் டிரெய்லர் மழையில் நின்றிருக்கும். ஜாக்கிக்குள் தண்ணீர், கப்ளிங் வாயில் மண். ஒருமுறை தூக்கி இறக்கினால் அத்தனையும் நம் கியர் பெட்டிக்கு வந்து சேரும். எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறினால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். முழுதும் வடித்து மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. கப்ளிங்கின் இரு முனைக்கும் மூடி போட்டு வைப்பதும், பூட்டுமுன் துணியால் துடைப்பதும் காசு இல்லாத வைத்தியம். பனியன் கட்டிங் வேஸ்ட் துணிக்குத் திருப்பூரில் பஞ்சமா? ஆனால் நூல் பிரியாத துண்டாகப் பாருங்கள். நூல் உள்ளே போனால் அதுவும் அழுக்குதான்.

அடிக்கடி பாரம் அடிப்பவர்கள், வேறு வேறு டிரெய்லர் மாற்றுபவர்கள், ஹைட்ராலிக் மோட்டார் ஓட்ட நினைப்பவர்கள் ஆகியோருக்கு எங்கள் கருத்து: கியர் பெட்டியைத் தொடாமல், பி.டி.ஓ.விலோ இன்ஜின் முன்பக்கத்திலோ ஓடும் தனி கியர் பம்ப், தனித் தொட்டி, தனி ஃபில்டர், ரிலீஃப் வால்வு என்று வைத்துக்கொள்வதே மேல். முதலில் செலவு கூடும். ஆனால் அழுக்கு எது வந்தாலும் அந்தத் தொட்டியோடு நிற்கும். வருடத்துக்கு இருபது நடை எரு அடிப்பவருக்கு இது வேண்டியதில்லை. திருப்பு வால்வு போதும்.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 35 வகையில் ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 170 கிலோவை ஒட்டியது. இரட்டைக் கம்பி வலை உள்ள, அழுத்த அளவு மேலே அச்சிட்ட ஹோஸ் வேண்டும். முனை மெஷினில் அழுத்திப் பிடித்ததாக இருக்க வேண்டும், கிளிப் போட்டுக் கட்டியது ஆகாது. ஹோஸில் ஊசித் துளை அளவு கசிவு இருந்தால் விரலால் தடவிப் பார்க்கக் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக் கடி போலத் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க நேரிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லை என்று காத்திருக்காமல் அந்த மணியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

தூக்கி நிற்கும் பெட்டிக்கு அடியில் எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி ஒருவரும் போகக் கூடாது. ஹோஸ் வெடித்தாலும் சிறு பையன் லீவரைத் தொட்டாலும் பெட்டி வந்துவிடும். டிரெய்லரோடு இரும்பு முட்டுக்கால் ஒன்று செய்யச் சொல்லி, காலி பெட்டிக்கும் அதைப் போட்டபின்தான் கிரீஸ் வைக்க வேண்டும். ஜாக்கியின் வாயில் ஹோஸ் வெடிப்புத் தடுப்பு வால்வு ஒன்று போட்டுக்கொண்டால், ஹோஸ் போனாலும் பெட்டி திடீரென விழாது. பதினைந்து வேலம்பாளையம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தபின் காடாக இருந்த இடமெல்லாம் வீதி ஆகிவிட்டது. மேலே கரண்ட் கம்பி. கொட்டுமுன் அண்ணாந்து பார்க்காத டிரைவரிடம் டிப்பரைக் கொடுக்காதீர்கள்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டைச் சரக்குக்கு டிப்பர் உதவாது. பருப்பு மூட்டையையும் வெல்லச் சிப்பத்தையும் கொட்டி இறக்க முடியாது. சுமைக் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டு யாரும் இதில் இறங்க வேண்டாம். டிப்பர், சில்லறையாகக் கொட்டும் சரக்குக்கு மட்டுமே.

சட்டப் பக்கம் இரண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. செய்யப்போகும் வேலை அதில் வருமா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளலாம். டிராக்டருக்கு இருக்கும் பதிவும் இன்சூரன்ஸும் டிரெய்லருக்குத் தானாக வந்துவிடாது. விவசாய உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்த வண்டியில் வாடகைக்குச் செங்கல் அடித்து விபத்து நடந்தால், கம்பெனி பணம் தர மறுக்க அதுவே காரணமாகும். கடைச் சரக்கோ வாடகைப் பாரமோ ஏற்றுவதாக இருந்தால் அதற்குரிய பதிவும் பாலிசியும் எடுத்துவிட்டே ஏற்றுங்கள்.

கடைசியாகப் பில் விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும், விவசாயத்துக்கான தானே கொட்டும் டிரெய்லருக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆயிற்று. டிராக்டர் ஹைட்ராலிக் பம்புக்கு 18-லிருந்து 5. ஹோஸ், கப்ளிங் போன்றவற்றுக்கு வேறு விகிதம் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து “டிப்பர் செட்” என்று ஒரே வரியில் பில் போட்டுக் கொடுத்தால் வாங்காமல், ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். திருப்பு வால்வும் ஹோஸும் எந்த அழுத்தத்துக்கு உரியவை என்பதையும் பில்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.