ஓலைச்சுவடி வேட்டை

பழம்பொருள் தேடும் நேயர்கள் பலரும் நாணயத்தையும் விளக்கையுமே நாடுவர். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு ஏடு தேடியவர், நெல்லைச் சீமைத் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரியார். 1909-இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்திலமைந்த சுவடிக்கட்டு ஒன்று அவருக்குக் கிட்டியது. பெயரளவில் அறியப்பட்டிருந்த வடமொழிக் கவி பாஸனின் நாடகங்களே அவை எனத் துணிந்து, 1912 முதல் அச்சேற்றினார். ஏட்டில் ஆசிரியர் பெயர் இன்மையால் எழுந்த வாதம் இன்றும் ஓயவில்லை. கிடைத்த இடம் தெரிந்திருந்தமையாலன்றோ, அவை கேரளக் கூத்தரங்கில் வழங்கிய படிகளோ என்று ஆராய இயன்றது! ஆதலின் சுவடி கண்டவுடன் இல்லம், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். கட்டைப் பிரித்து விற்றல் ஆகாது. 75 ஆண்டு கடந்த, இலக்கிய மதிப்புடைய சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதனை அயல்நாட்டிற்கு அனுப்புதல் குற்றம். பரணில் படிக்கவியலாத ஏடு கிடந்தால், காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தாரிடம் காட்டலாம்.