புதுக் கணினி உயிர் பெறவில்லையா? பதற வேண்டாம்!



மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கிறோம். எடுத்த எடுப்பிலேயே புது இஞ்சின் வாங்க ஓடுவதில்லை. ஆனால் கணினி என்றால் மட்டும் நமக்குக் கைகால் நடுங்கிவிடுகிறது!

என் பழைய மாணவன் ஒருவன் ஓர் இரவு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். எஸ்.பி.எம். எழுதி முடித்தவன். டவுன் கடையில் வேலை செய்து தான் சேர்த்த பணத்தோடு, அப்பா செம்பனை அறுவடையில் மிகைநேரம் பார்த்துக் கொடுத்த பணத்தையும் போட்டுப் பாகங்களை வாங்கி, தானே பூட்டியிருந்தான்.

"விசிறி சுத்துது சார், திரையில ஒண்ணும் வரல. மதர்போர்டு எரிஞ்சிருக்கும், புதுசு வாங்குன்னு கூட்டாளி சொல்றான். அப்பாகிட்ட எப்படி சார் சொல்றது?" என்றபோது அவன் கண்கள் கலங்கிவிட்டன.

"வாப்பா, பார்க்கலாம்" என்று அவனோடு நடந்தேன். அன்று நான் கையாண்ட முறையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. உள்ளே கை வைக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

விளக்கும் இல்லை, விசிறியும் இல்லையா? சுவர் சுவிட்சைப் பாருங்கள். பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும்; வட்டம் போட்ட பக்கம் அல்ல. சிலவற்றில் சிவப்பு விசை ஒன்று இருக்கும். அது நம் நாட்டில் 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்துப் போட்டால் பெட்டி வெடித்துப் போகும். அடுத்து, மதர்போர்டில் 24 முனைக் கம்பி முழுதாக இறங்கியிருக்கிறதா, முன்புறப் பொத்தானின் மெல்லிய கம்பி கையேட்டில் காட்டிய இரு முனைகளில்தான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

விசிறி சுற்றியும் படம் இல்லையா? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் திரையின் கம்பி அந்தக் கார்டில் மாட்டியிருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ரேம் அட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் சமமாக அழுத்தி, 'கிளிக்' என்ற ஓசை வரும்வரை மாட்டுங்கள். இரண்டு அட்டை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள். டி.டி.ஆர்.5 ரேம் என்றால் முதல் தடவை படம் வரச் சில நிமிடங்கள் ஆகலாம், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பிராசசரின் அருகே, போர்டின் மேல் மூலையில், 8 முனைக் கம்பி ஒன்று தனியாக வேண்டும். அது இல்லாவிட்டாலும் விசிறி சுற்றும். ஆனால் மூளைக்கு மின்சாரம் போகாது.

சுற்றிய உடனே நின்றுவிடுகிறதா? போர்டின் அடியில் தேவையில்லாத இடத்தில் இருக்கும் திருகுத்தாங்கி மின்னோட்டத்தைக் குறுக்கே பாயவிடும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரு ரேம் ஆகியவற்றோடு மட்டும் சோதியுங்கள். திரைக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையென்றால் அதையும் மாட்டுங்கள்.

அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மகன் முகத்தைப் பார்த்தே அப்பா விஷயத்தை ஊகித்திருந்தார். திட்டவில்லை. டார்ச் லைட்டை எடுத்து வந்து எங்களுக்கு வெளிச்சம் பிடித்தார். நானும் பையனும் ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க, அவர் மெதுவாகக் கேட்டார்: "சார், இந்த மூலையில ஓட்டை காலியா இருக்கே, ஒண்ணும் மாட்ட வேணாமா?"

அதுதான் அந்த 8 முனை! விசிறியின் மறைவில் பையன் கவனிக்காமல் விட்டிருந்தான். கம்பியை மாட்டினோம், திரை வெளிச்சமானது. புது மதர்போர்டுக்கு ஒரு காசுகூடச் செலவில்லை.

பெற்றோர்களே! பிள்ளை பயந்து நிற்கும்போது ஏசாதீர்கள். பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடியுங்கள். பிள்ளைகளே! ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். எல்லாம் பார்த்தும் ஓடவில்லை என்றால் ரசீதோடும் பெட்டியோடும் வாங்கிய கடைக்கே கொண்டு போங்கள். ஆகவே, கணினி ஓடும்வரை அந்த ரசீதையும் பெட்டியையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்!