ஓய்வுக்கால நிதியும் பொன்னும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வரிச்சலுகையுடன் சேர்க்கப்படும் தனிநபர் ஓய்வுக்கால நிதியில் பொற்கட்டிகளும் இடம்பெறலாமென்று 1997-ஆம் வருஷத்துச் சட்டம் அனுமதித்தது. கட்டி 99.5 சதவிகிதம் சுத்தமாயிருத்தல் வேண்டும். நிதிக்குப் பொறுப்பேற்ற பாங்கு, அல்லது சர்க்கார் அங்கீகரித்த ஸ்தாபனத்தின் வசமே இருத்தல் வேண்டும்.

நம் பொன்னை நம் வீட்டுப் பெட்டியில் வைத்தாலென்ன என்று சிலர் கேட்கின்றனர். 1933-இல் அந்நாட்டுச் சர்க்கார் ஜனங்களிடமிருந்த பொன்னை ஒப்படைக்கும்படி உத்தரவிட்டதை நினைப்போருக்கு இவ்வெண்ணம் இயல்பே. ஆயினும் சலுகையும் சாவியும் ஒருவர் கையிலேயே இருக்கச் சட்டம் இடந்தரவில்லை. நிதியின் பேரால் வாங்கிய நாணயங்களை வீட்டில் வைத்திருந்த ஒருவர் விஷயத்தில், அவற்றை அவர் நிதியினின்றும் எடுத்துக்கொண்டதாகவே கருதி வரி விதித்தல் முறையென்று வரி நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. கையிற் பொன் வேண்டுவோர் சலுகையை விடுத்து வெளியே வாங்கிக்கொள்க.

மற்றையோர் தெரிந்துகொள்ள வேண்டுவது பெட்டகத்தின் முறையையே. பிறர் பொன்னோடு கலந்துவைத்தால் பெரும்பாலும் கட்டணம் குறைவு. ஆனால் திரும்பி வருவது அதே எடையும் மாற்றுமுடைய வேறு கட்டியாகலாம். தனித்துவைத்தால் கட்டணம் மிகுதி. இட்ட கட்டியே மீளும். பொன் வட்டி ஈனாது; கட்டணமோ வருஷந்தோறும் முதலை அரிக்கும். ஆதலின் சிறுமுதலினர்க்குக் கலப்பு முறையே ஏற்றதென்பது நமது அபிப்பிராயம். எதுவாயினும் தணிக்கை, இன்ஷ்யூரன்ஸ், கட்டணம் மூன்றையும் முதலில் எழுத்தில் பெறுக. பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். காப்பவரின் நாணயத்தைக் கணக்கே காட்டும்.